அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) அலர்ஜி: சிட்டிகைப் பொடி கொடுத்துப் பழக்கலாமா?

வாசகி கேள்வி: தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளை பக்கம் எங்கள் வீடு. மகனுக்கு ஏழு வயது, எடை 22 கிலோ. போன மாதம் பாறசாலையில் ஒரு கல்யாணத்தில் அடப்பிரதமன் (அடைப் பாயசம்) குடித்த பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, இரண்டு முறை வாந்தி எடுத்தான். மூச்சும் இழுத்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் அவில், டெக்சா ஊசி போட்டு, ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனையில் அண்டிப்பருப்பு மிக அதிகம் என்று வந்திருக்கிறது. கோதுமை, இறால், சிறுபயறும் கொஞ்சம் கொஞ்சம் காட்டுகிறது. நான் வேலை பார்ப்பது அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலை), பீலிங் செக்சனில். நான் கொண்டுவந்த தூசியால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று வீட்டில் பேச்சு. மாமியோ, "தினம் ஒரு சிட்டிகை பொடி பாலில் கலந்து கொடு, உடம்பு பழகிடும்" என்கிறார். கொழுந்தன் துபாயிலிருந்து அனுப்பிய வீடியோவிலும் வெளிநாட்டு டாக்டர்கள் இதையேதான் சொல்கிறார்கள். வீட்டிலேயே செய்யலாமா? இந்த சிகிச்சை நம் பக்கம் கிடைக்குமா? எட்டு மாத மகளும் இருக்கிறாள். அவளுக்கும் வருமா?

பதில்:

சகோதரி, பொடி கொடுக்க ஆரம்பித்திருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அதற்காக மாமியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொன்ன யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1908இல் இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் ஸ்கோஃபீல்ட் என்ற மருத்துவர், முட்டை ஒத்துக்கொள்ளாத 13 வயதுப் பையனுக்கு முட்டையை மாத்திரைக்குள் வைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கி, மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் அவனை முட்டை சாப்பிட வைத்தார். அதை 'லான்செட்' இதழில் எழுதவும் செய்தார். இன்று வாய்வழி இம்யூனோதெரபி என்று சொல்வதற்கும் அடிப்படை இதுதான். யோசனை சரி. ஆபத்து அளவில்தான் இருக்கிறது.

ஒரு முழு அண்டிப்பருப்பு சுமார் ஒன்றரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் புரதம் மட்டும் 250 முதல் 300 மில்லிகிராம் வரும். அலர்ஜியைக் கிளப்புவது இந்தப் புரதம்தான். நிலக்கடலைக்குப் பால்ஃபோர்சியா என்று ஒரு பொடி மருந்து வந்தது. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதில் முதல் நாள் முதல் வாய்க்குக் கொடுக்கும் புரதம் 0.5 மில்லிகிராம். அதே அளவை அண்டிப்பருப்பிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஒரு பருப்பை ஐந்நூறு துண்டாக்கி, அதில் ஒரு துண்டை எடுக்க வேண்டும். மாமியின் சிட்டிகையைக் கால் கிராம் என்று குறைத்தே கணக்குப் போட்டாலும் நாற்பது மில்லிகிராமுக்கு மேல் புரதம் வந்துவிடும். தொடங்க வேண்டிய அளவைப் போல எண்பது மடங்கு! அதோடு அண்டிப்பருப்புப் பொடி எண்ணெய்ப் பசையில் கட்டி கட்டியாகத் திரளும். இன்றைய சிட்டிகையும் நாளைய சிட்டிகையும் ஒன்றாக இருக்காது. வறுத்துப் பொடித்தால் வீரியம் குறையும் என்றும் நம்ப வேண்டாம். இந்தப் பருப்பின் முக்கியமான அலர்ஜிப் புரதம் சூட்டைத் தாங்கக்கூடியது. பிரதமனில் நெய்யில் வறுத்துப் போட்ட பருப்புதானே உங்கள் மகனைப் படுக்க வைத்தது?

வீடியோவில் காட்டும் டாக்டர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், முதல் நாள் பிள்ளையை மருத்துவமனையில் உட்கார வைத்து, அரை மில்லிகிராமிலிருந்து 6 மில்லிகிராம் வரை படிப்படியாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே அட்ரினலின் என்ற உயிர்காக்கும் ஊசி மருந்து தயாராக இருக்கும். ஒத்துக்கொண்டால் 3 மில்லிகிராமில் தொடங்கி தினமும் வீட்டில் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளவைக் கூட்டுவார்கள், கூட்டும் முதல் வாய் எப்போதும் மருத்துவமனையில்தான். ஆறு மாதம்போல இப்படியே போய் 300 மில்லிகிராமை எட்டுவார்கள். ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவு. அப்புறம் அதையே தினமும் தின்றுகொண்டிருக்க வேண்டும்.

பலன் என்ன? 2018இல் வெளியான பெரிய ஆய்வில், சிகிச்சையை முடித்த பிறகு 600 மில்லிகிராம் கடலைப் புரதத்தைத் தாங்கியவர்கள் 67 சதவீதம், வெற்று மருந்து (மருந்தில்லாத பொடி) எடுத்தவர்களில் 4 சதவீதம்தான். 600 மில்லிகிராம் என்றால் இரண்டு நிலக்கடலைப் பருப்பு. ஒரு வருடப் பாட்டுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். அவ்வளவுதான். ஒரு கிண்ணம் பிரதமன் குடிக்க வைப்பது இந்த சிகிச்சையின் நோக்கமில்லை. தெரியாமல் ஒரு துண்டு வாய்க்குள் போனால் பிள்ளை ஐசியூவுக்குப் போகாமல் இருப்பதுதான் நோக்கம். நடுராத்திரி ஓடிய பெற்றோருக்கு அதன் அருமை தெரியும். அதனால்தான் இதை நான் சாதாரணமாக நினைப்பதில்லை.

ஆனால் இதைக் 'குணமாக்கும் சிகிச்சை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. சிகிச்சை முடிவில் 71 சதவீதம் பேருக்குக் கடலை தாங்கியது. ஆறு மாதம் நிறுத்திவிட்டுத் திரும்பச் சோதித்தபோது 21 சதவீதம் பேருக்குத்தான் அந்தப் பலன் நிலைத்திருந்தது. இத்தனைக்கும் சின்ன வயதில் தொடங்கினால்தான் பலன் அதிகம் என்பார்கள். உடம்பில் நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். அலர்ஜி உள்ளவர்களின் உடம்பில் 'மாஸ்ட்' என்ற எதிர்ப்புச் செல்களின் மேல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். பருப்பின் புரதம் அதைத் தொட்டதும் அந்த செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். தடிப்பு, வீக்கம், இழுப்பு எல்லாம் அதன் வேலை. தினமும் துளித்துளியாகக் கொடுக்கும்போது செல்கள் மந்தமாகின்றன, ஐஜிஜி4 என்ற வேறொரு எதிர்ப்பொருள் கூடி ஐஜிஇயின் வேலையைத் தடுக்கிறது. கொடுப்பதை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குப் பழைய நிலை திரும்பிவிடுகிறது.

வீடியோவில் சொல்லாமல் விடுவது இன்னொன்று. 2019இல் 'லான்செட்'டில் வந்த தொகுப்பாய்வின்படி, கடலைக்கு இந்த சிகிச்சை எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குக் கடுமையான அலர்ஜித் தாக்குதல் வந்தது. எடுக்காமல் தவிர்த்து மட்டும் வந்தவர்களில் 7 சதவீதம். தினமும் விஷத்தைத் தொடுகிறவனுக்கு, தொடாதவனைவிட அதிகம் படத்தானே செய்யும்? அதிலும் நேற்று வரை நன்றாக ஒத்துக்கொண்ட அதே அளவு இன்று ஒத்துக்கொள்ளாமல் போகும். காய்ச்சல், தூக்கமின்மை, வெறும் வயிறு, சாப்பிட்டதும் பந்து விளையாட ஓடுவது, வெந்நீர்க் குளியல், சில வலி மாத்திரைகள் எல்லாம் தாங்கும் அளவைக் குறைத்துவிடும். மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்து, இரண்டு மணி நேரம் ஆட விடாமல், தூங்கவும் விடாமல் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஏழு வயதுப் பையனைப் பள்ளிவிட்டு வந்ததும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது எந்த வீட்டில் நடக்கும்? இந்தக் கேள்வியை நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்பேன். சிலருக்கு உணவுக்குழாயில் அழற்சி வந்து சாப்பாடு அடைக்கும், வயிறு விடாமல் வலிக்கும். அப்படி வந்தால் நிறுத்த வேண்டியதுதான்.

அண்டிப்பருப்புக்கு என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து கிடையாது. நிபுணர்கள் பருப்பையே பொடித்து, மில்லிகிராம் தராசில் நிறுத்துத்தான் கொடுக்கிறார்கள். இஸ்ரேலில் இப்படிச் செய்து 2022இல் வெளியிட்ட முடிவுகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவர்கள் கைப்பிடி அளவு பருப்பைத் தாங்கினார்கள். கூடவே அவர்களுக்குப் பிஸ்தாவும் ஒத்துக்கொண்டது. அண்டியும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒன்று ஆகாதவர்களில் பலருக்கு மற்றதும் ஆகாது. அதனால் உங்கள் மகனுக்கு இப்போதைக்குப் பிஸ்தாவும் வேண்டாம். மாம்பழமும் அதே குடும்பம்தான், ஆனால் இதுவரை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடட்டும்.

ஊசி வழியும் உண்டு. ஆஸ்துமாவுக்குப் பல வருடமாகப் போட்டுவரும் ஒமாலிசுமாப் மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் உணவு அலர்ஜிக்கும் அனுமதி கொடுத்தார்கள். ரத்தத்தில் அலையும் ஐஜிஇயை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அண்டிப்பருப்பு அலர்ஜி உள்ளவர்களில் ஆயிரம் மில்லிகிராம் புரதத்தைத் தாங்கியவர்கள் 41 சதவீதம், வெற்று ஊசி போட்டவர்களில் 3 சதவீதம். எந்த உணவு ஆகாவிட்டாலும் வேலை செய்யும் என்பது இதன் சிறப்பு. இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இங்கேயும் கிடைக்கும் மருந்துதான், ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். உங்கள் குடும்பத்துக்கு இன்றைக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தோலில் ஒட்டும் பட்டையும் ஆய்வில் இருக்கிறது, அது முக்கியமாக நிலக்கடலைக்குத்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த அவில், டெக்சாதான். அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். இழுக்கும் மூச்சையோ, இறங்கும் ரத்த அழுத்தத்தையோ அது தூக்காது. டெக்சா என்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே மணிக்கணக்கில் ஆகும். தடிப்பும் வாந்தியும் இழுப்பும் சேர்ந்து வந்தால் முதல் மருந்து அட்ரினலின், அதுவும் தொடையின் வெளிப்பக்கச் சதையில், உடனே. அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு மில்லி ஆம்பியூலில் (மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி) ஒரு மில்லிகிராம் இருக்கும், உங்கள் மகனுக்கு ஏறக்குறைய 0.2 மில்லி. வெளிநாட்டில் பேனா மாதிரித் தானாகக் குத்தும் ஊசி கொடுப்பார்கள், இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பியூலோ விலை மிகக் குறைந்தது. டாக்டரிடம் எழுதி வாங்கி, சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று மார்க்கர் பேனாவால் குறித்துத் தரச் சொல்லி, வெறும் தண்ணீரை வைத்து நீங்களும் கணவரும் மாமியும் அவர் முன்னால் பழகிப் பாருங்கள். ஆம்பியூலை வெயிலிலும் பைக் டிக்கியிலும் வைக்கக் கூடாது. எடை கூடக் கூடக் கோடும் மாறும்.

தாக்குதல் வந்தால் படுக்க வைத்து காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள், தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஓடவும் வேண்டாம். ஊசி போட்டுவிட்டு 108ஐ அழையுங்கள், அது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிறது. ஐந்து நிமிடம் ஆகியும் சரியாகவில்லை என்றால் இரண்டாவது ஊசி போடலாம். எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சரியான மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறை வருவதுண்டு. பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டுமென்று நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் திருவனந்தபுரம் வரை போக நினைக்காதீர்கள். முதல் ஊசி வீட்டில், அப்புறம் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே.

பரிசோதனைத் தாளில் கோதுமையும் இறாலும் பயறும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். மகன் சப்பாத்தியும் இறால் குழம்பும் ஒன்றும் ஆகாமல் சாப்பிட்டு வந்தவன் என்றால் அந்த வரிகளை மறந்துவிடுங்கள். கர்நாடகாவில் பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் ரத்தத்தில் உணவு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், உண்மையில் உணவு அலர்ஜி இருக்கலாம் என்று கணித்தது 1.2 சதவீதம் மட்டுமே. தாளைப் பார்த்துப் பிள்ளையைப் பட்டினி போடும் வீடுகள் நம் ஊரில் அலர்ஜியைவிட அதிகம்.

அண்டிப்பருப்பை மட்டும் ஒழுங்காகத் தவிருங்கள். பாயசமும் கேசரியும் கண்ணுக்குத் தெரியும். ஹோட்டல் குருமா, வெள்ளைக் கிரேவி, பேக்கரி கேக், மிக்சர், ஐஸ்கிரீம் இவற்றில்தான் அரைத்தும் தூவியும் போட்டிருப்பார்கள். நம் முந்திரிக்கொத்தில் சிறுபயறுதான், வீட்டில் செய்தால் பயப்பட வேண்டாம். கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) வேண்டாம், கொட்டையைத் திருகிய கையோடுதான் பழமும் வரும். பாக்கெட் உணவில் மரக்கொட்டைகளை (அண்டி, பிஸ்தா போன்றவை) தனியாகக் குறிப்பிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி, அந்த வரியைப் படிக்கப் பழகுங்கள். கல்யாண வீட்டில் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். அங்கே பந்தியில் கேட்காதீர்கள், கலவறைக்குப் போய்ச் சமையல்காரரிடமே கேளுங்கள். பரிமாறுகிறவருக்கு எதில் என்ன போட்டது என்று தெரியாது.

இனி, உங்கள் வேலை. அண்டிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டுக் கை பொத்துப்போவது, கருத்துப்போவது அந்த எண்ணெயின் அரிக்கும் தன்மையால் வருவது. மகனுக்கு வந்தது பருப்பின் புரதத்தால். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. தூசி விஷயம் கொஞ்சம் நுட்பமானது. கைக்குழந்தைக்குக் கரப்பான் மாதிரித் தோல் வெடிப்பு இருந்தால், வீட்டுத் தூசியிலுள்ள உணவுப் புரதம் அந்தத் தோல் வழியாகப் போய் அலர்ஜியை உண்டாக்கக்கூடும் என்பதற்கு நிலக்கடலையில் ஆதாரம் இருக்கிறது. உங்கள் மகனுக்கு அப்படித்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அண்டி ஆபீஸ் பக்கமே போகாத வீடுகளிலும் இந்த அலர்ஜி வருகிறது. உங்கள் சம்பளத்தில் வீடு நடக்கும்போது பழியை மட்டும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். வேலையை விட வேண்டாம். வந்ததும் உடை மாற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், புரதத்தை எடுக்காது. மகனை ஆபீஸுக்குக் கூட்டிப்போகாதீர்கள், உடைந்த பருப்பை வீட்டுக்கு வாங்கி வருவதையும் நிறுத்துங்கள்.

வயதானால் தானாகப் போகுமா என்றால், பாலும் முட்டையும் பெரும்பாலும் போய்விடும். மரக்கொட்டை அலர்ஜி பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் போகும். அதனால்தான் உங்கள் மகனுக்கு இம்யூனோதெரபியை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். எங்கு திரும்பினாலும் அண்டிப்பருப்பு இருக்கும் ஊர் இது, தவிர்த்து மட்டும் வாழ்வது சிரமம். ஆனால் இப்போதே இல்லை. முதலில் அட்ரினலின் வீட்டுக்கு வரட்டும். பிறகு, அந்த இழுப்பு அன்றைக்கு மட்டும் வந்ததா, மழைக்காலத்திலும் வருமா என்று பார்க்க வேண்டும். கட்டுப்படாத ஆஸ்துமா இருந்தால் இந்த சிகிச்சையைத் தொடங்கவே கூடாது.

நம் நாட்டில் இதை முறையாகச் செய்கிறவர்கள் குறைவு. திருவனந்தபுரத்திலோ வேறெங்கோ செய்கிறோம் என்று சொன்னால், நேரில் போய் நாலு விஷயம் கேளுங்கள். அண்டிப்பருப்புக்குச் செய்திருக்கிறார்களா, வெறும் கடலைக்கா? அளவு கூட்டும் நாளில் எத்தனை மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள்? ராத்திரி எட்டு மணிக்குத் தடிப்பு வந்தால் போனை எடுப்பது யார்? எப்போது நிறுத்துவார்கள்? கடைசிக் கேள்விக்கு "நிறுத்தவே தேவை வராது" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவும் இருக்கும். ஆறு மாதத்துக்கு அதைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். பாதியில் விடுவதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது.

மகளைப் பற்றிய கவலைக்கு நல்ல பதில் இருக்கிறது. அண்ணனுக்கு இருப்பதால் அவளுக்கும் வந்தே தீரும் என்றில்லை, பெரும்பாலான தம்பி தங்கைகளுக்கு வருவதில்லை. பயந்துபோய்த் தள்ளிப்போடுவதுதான் தவறு. லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்து 2015இல் வெளியான ஆய்வில், நிலக்கடலையைச் சிறு வயதிலேயே ஊட்டியவர்களில் ஐந்து வயதில் அலர்ஜி வந்தது 3.2 சதவீதம், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம். அண்டிப்பருப்புக்கு அவ்வளவு பெரிய ஆய்வு இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள் என்பதே இன்றைய அறிவுரை. மகளுக்குத் தோலில் கரப்பான் கடுமையாக இருந்தாலோ, முட்டை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ முதல் வாயை டாக்டர் முன்னால் கொடுங்கள். இல்லையென்றால் அவள் உடம்பு சுகமாக இருக்கும் ஒரு நாள் காலையில், நைசாக அரைத்த விழுதை ஸ்பூன் நுனியில் எடுத்துக் கஞ்சியில் கலந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் பாருங்கள். ஒத்துக்கொண்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடருங்கள். முழுப்பருப்பு மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அண்ணன் பள்ளிக்குப் போன நேரமாகப் பார்த்து ஊட்டிவிட்டு, அவன் திரும்புவதற்குள் கிண்ணம், ஸ்பூன், அவள் கை, வாய் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.